தராசில் அப்பாவின் மீன்

உறைந்து கிடந்த ஏரியின் மேல் ஊரே திரண்டு நின்றது. பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் லூன் பே போட்டி முடிய இன்னும் இருபது நிமிடம். கனமான மீனைக் கொண்டுவருபவருக்குப் புத்தம் புதிய பிக்கப் வண்டி பரிசு.

தராசு மேஜையில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலிக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. “ஆர்விட் பொண்ணு கையிலயா தராசு?” என்று கமிட்டியில் ஒருவர் வாய்விட்டே சிரித்திருக்கிறார்.

ஆர்விட் லிண்ட்க்விஸ்ட் செய்த காரியம் அப்படி. ஒன்பது வருடம் முன்பு மீன் வயிற்றில் ஈயக் குண்டுகளைத் திணித்து, மேடையிலேயே மாட்டிக்கொண்ட மகானுபாவர். அதன் பிறகு அந்த மினசோட்டா ஊரில் யார் எதில் கலப்படம் செய்தாலும் ‘ஆர்விட் வேலை’ என்றுதான் பேர். மார்லிஸ் அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தேவாலயத்தில்கூட அவர் இந்தப் பக்கம் என்றால் இவள் அந்தப் பக்கம். போட்டிக்கு வரக்கூடாதென்று அவர்மேல் போட்ட தடை இந்த வருடம்தான் முடிந்திருந்தது.

வரிசையில் அவர் வந்து நின்றதும் கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது.

“பேரு?” என்றாள் மார்லிஸ், நிமிராமல்.

“ஒனக்குத் தெரியாதாம்மா?”

“ஃபாரத்துல எழுதணும். பேரச் சொல்லுங்க.”

சொன்னார். மீனைத் தராசில் வைத்தார். பதினோரு பவுண்டு. அதுவரை வந்ததில் அதுதான் பெரியது.

“அதானே பாத்தேன்! ஆட்டிப் பாருங்கப்பா, சலங்கை சத்தம் கேக்கும்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸின் காது சிவந்தது. இதில் ஏதாவது இருந்தால் தராசும் போச்சு, மானமும் போச்சு. கத்தியை எடுத்தாள்.

போட்டி மீனை அங்கே யாரும் அறுப்பதில்லை. பாடம் செய்து வீட்டுச் சுவரில் மாட்டுகிற மீன் அது. அதில் கத்தி வைப்பதைப் போல் ஓர் அவமானம் கிடையாது.

ஆர்விட்டின் முகம் வெளுத்தது. “வேணாம்மா. சாகறதுக்குள்ள ஒரு மீனாவது சுவத்துல மாட்டணும்னு ஆசை. இது சுத்தமான மீன்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

ஒரே கீறல். குடல், இரைப்பை என்று ஒன்று விடாமல் துழாவினாள். பாதி செரித்த குட்டி மீன் ஒன்று கிடந்தது. வேறொன்றும் இல்லை.

கிழிந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டு ஆர்விட் குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரித்தவர்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமிட்டித் தலைவர் ஹார்லன் மூக்கைச் சிந்தினார். “பெத்த அப்பனையே விடலயே, என்ன பொண்ணுய்யா இவ!”

அடுத்து வந்தவன் டுவேன், மார்லிஸின் கணவன். அவன் மீன் பதினொன்றே கால் பவுண்டு.

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தாள். “எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்.”

“ஐயய்யோ, வேணாம் தாயே!” ஹார்லன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். “ஒரு குடும்பத்து மீன ஒரே நாள்ல எத்தனதான் அறுப்ப? நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா?”

கூட்டமும் “வேணாம், வேணாம்” என்று கத்தியது. வண்டிச் சாவி டுவேனிடம் போனது. கைதட்டல் என்னவோ ஆர்விட்டுக்குத்தான். மார்லிஸ் தயங்கித் தயங்கி அவர் தோளில் கை வைத்து, “நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்கப்பா” என்றபோது பலருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மதியம் மகள் வீட்டுச் சமையலறையில், மருமகன் பிடித்த மீனின் வயிற்றிலிருந்து ஆறாவது ஈயக் குண்டை எடுத்துத் தட்டில் போட்ட ஆர்விட், “அன்னிக்கு நான் தனியாப் போனதுதாம்மா தப்பு, இதெல்லாம் குடும்பத்தோட செய்யற வேலை” என்றார்.