சுத்தமான தண்ணீர்

"நேத்து வரைக்கும் தேறின பாட்டில் தண்ணியெல்லாம் இன்னிக்கு எப்படிம்மா ஒட்டுமொத்தமா ஃபெயிலாகும்?" என்றார் ஆய்வக மேலாளர்.

"எல்லாத்துலயும் பிளாஸ்டிக் ரசாயனம் இருக்கு சார். மூணு தடவை பார்த்துட்டேன். இனி என் கண்ணைத்தான் மாத்தணும்."

"புதுசா ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒப்பிட்டுப் பார்க்கிற நம்ம சுத்தத் தண்ணிக் கேன் விரிசல் விட்டுச்சு. கண்ணாடி ஜாடிக்கு மாத்தினேன். அவ்வளவுதான்."

சொன்னவள் மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கேனைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்தக் கேன் தண்ணீரைச் சுத்தமென்று நம்பி, அதில் வந்த ரசாயன அளவைக் கழித்துவிட்டுத்தான், ஒன்பது வருடமாக ஒவ்வொரு பாட்டிலுக்கும் 'ரசாயனம் இல்லை' என்று சான்றிதழ் தந்திருந்தார்கள்.

அவள் போன் அடித்தது. மருமகன்.

"அத்தை, நீங்க டெஸ்ட் பண்ணின தண்ணியிலதான் பாப்பாவுக்குப் பால் கலக்கணும்னு உங்க பொண்ணு அடம்பிடிக்கிறா. இன்னும் ரெண்டு பெட்டி வாங்கிட்டேன்."