கயிறு கட்டிய குன்று

கோணிப்பை நிறைய முள்சுரைக் கொடியோடு பொக்சுன் கையும் களவுமாகப் பிடிபட்டாள். பிடித்தவர் வன அதிகாரி பியோ. 'ஆய்வுப் பகுதி, உள்ளே வராதே' என்ற பலகைக்கு அடியிலேயே இருவரும் நின்றார்கள்.

ஒரு குன்றைச் சுற்றி அரசாங்கம் கயிறு கட்டினால், உள்ளே காட்டு ஜின்செங் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது மருந்தாவது இருக்கும் என்பது அந்த ஆற்றங்கரை ஊர்ப் பெண்களின் தீர்மானம். அதுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத கொடிக்கு, கயிறு கட்டியதும் வாழ்வு வந்துவிட்டது.

பொக்சுன் கண் கலங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சியோலில் மகளுக்குக் கல்யாணம். மகள் கையைப் பிடித்து மேடைவரை நடக்க வேண்டிய அவள் கணவர், முட்டிவலியில் கழிப்பறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

"மூட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்க சார். அன்னைக்கு ஒரு நாள் அவரு நடந்துட்டா போதும்."

பியோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதா வெளிய விட்டுடாதீங்கம்மா. இதைத் தின்னக் கூடாது. கொதிக்கவெச்சு அந்தத் தண்ணியில காலை ஊறவைக்கணும். அதுவும் காய் விடுறதுக்கு முன்னாடி, வேரோட பிடுங்கினாத்தான் பலன்."

பொக்சுன் இடுப்பு ஒடிய வணங்கிவிட்டுக் கோணிப்பையோடு வீட்டுக்கு ஓடினாள். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தாள், பாவம். கீழ்வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் காலை வெயில்தொப்பியும் கைக்கொத்துமாக ஊரே குன்றில் ஏறியது. மதியச் சோற்றுக்கு இறங்கும்போது குன்று மொட்டையாக இருந்தது.

இங்கே வெந்நீரில் காலை வைத்த கணவரோ, கொஞ்சம் சுகமாக இருப்பதாக வேறு சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மூட்டையாவது கிடைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை தாங்கும். கீழ்வீட்டுக்காரி தள்ளுவண்டி வைத்து அள்ளிக்கொண்டு போனதை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. நியாயம் கேட்டுவிடுவது என்று பியோவைத் தேடிப் போனாள்.

அவர் ஜீப்புக்குப் பின்னால் நின்று மேலதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

"அந்தக் களையைத் தின்ன வண்டெல்லாம் அனுப்ப வேணாம் சார், எங்க ஊரு அம்மாக்களே முடிச்சிட்டாங்க."