வடிகட்டிய தண்ணீர்

குடுவையில் பச்சை நிறம். அதற்கு மேலே நின்ற கண்ணாடிக் குழாயின் திருகில் அவளுடைய விரல்கள்.

இன்னும் ஒரு துளிகூட விடவில்லை. 

மதியச் சாப்பாட்டு நேரம். பரிசோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. உள்ளே வரவே கூடாத தம்பி உள்ளே வந்து, கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி நின்றிருந்தான்.

கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர் அவனுடைய ஆலையில் தயாராகிறது. கடையிலிருந்து எடுத்த டப்பா ஒன்று நேற்று இவளுடைய மேசைக்கு வந்தது. முதல் சோதனையில் புரதம் அமோகமாக இருந்தது. வேறு யாராவது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

இவளுக்கு அந்த அமோகம்தான் உறுத்தியது.

அந்த முதல் சோதனை ஒரு வெகுளி. பவுடரை அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிடித்து, அதை வைத்து இவ்வளவு புரதம் என்று சொல்லிவிடும். அந்த நைட்ரஜன் பாலிலிருந்து வந்ததா, எவனோ கலந்த வெள்ளைத் தூளிலிருந்து வந்ததா என்றெல்லாம் அதற்குக் கேட்கத் தெரியாது.

அதனால் இரண்டாவது சோதனைக்குப் போனாள். பவுடரைக் கரைத்து, திரியவைத்து, திரிந்த புரதத்தை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் மட்டும் அதே நைட்ரஜனைத் தேடுவது. நல்ல பால் என்றால் அந்தத் தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அம்மோனியாவால் பச்சையான குடுவையில் கொஞ்சம் அமிலம் சொட்டியதுமே பச்சை போய் இளஞ்சிவப்பு வந்துவிடும்.

நேற்று வரவில்லை. குழாய் பாதி காலியாகியும் பச்சை அசையவில்லை.

அந்த வெள்ளைத் தூள் பச்சைக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். அது அவளுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவேண்டியிருந்தது.

மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். காலில் விழாத குறையாக அழுதான்.

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. பால் கொடுத்தவன் என்னை ஏமாத்திட்டான். தெரிஞ்சிருந்தா அதே லாட்ல இருந்து உன் பொண்ணுக்கு டப்பா கொண்டுவந்து கொடுப்பேனா? என் மருமகளுக்கு நானே விஷம் வைப்பேனா?”

 குழந்தை பிறந்த நாளிலிருந்து அவளைத் தோளைவிட்டு இறக்காதவன். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் இவன் டாக்டரைத் தேடி ஓடுவான்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்று மேலதிகாரியிடம் கெஞ்சிக் கேட்டு, ஒரு நாள் அவகாசம் வாங்கியிருந்தாள். அதற்குத்தான் இன்றைக்கு இந்தக் குடுவை.

திருகை மெல்லத் திருப்பினாள்.

முதல் துளி விழுந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் கரைந்துபோனது. பச்சை.

அடுத்தது. பச்சை.

கதவோரத்திலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான்.

வந்துவிடு என்றது ஒரு மனம். வந்துவிடாதே என்றது இன்னொரு மனம். தம்பி மாட்டியிருக்கும்போது ஓர் அக்கா அப்படி நினைப்பாளா? நினைத்தாள். 

இன்னும் ஒன்று. பச்சை கொஞ்சம் வெளிறியது. கண் ஏமாற்றுகிறதோ என்று ஒரு வெள்ளைத் தாளைக் குடுவைக்கு அடியில் வைத்தாள்.

திருகை இன்னும் ஒரு நூல் திறந்தாள்.

இளஞ்சிவப்பு.

சுழற்றினாள். மறையவில்லை. மறுபடி சுழற்றினாள். அப்படியே நின்றது. கொஞ்சம்தான் சொட்டியிருந்தாள், வந்துவிட்டது.

 முக்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்தவள் அழுகிற அழுகை. ஆனால் அழுகை பாதியிலேயே நின்றது.

தம்பி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

“நீ என்னை விட்டுக்கொடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்க்கா!”

அவள் அவன் கையை எடுத்துவிட்டாள். குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த தன் பையிலிருந்து, இன்றைய சோதனைக்குப் பவுடர் எடுத்த டப்பாவை எடுத்துக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதன் அடியில், ஒரே தடவையில் தயாரானதற்கு அடையாளமாக, கடை டப்பாவில் இருந்த அதே லாட் எண். உள்ளே பவுடர் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. அதில் செருகியிருந்த மஞ்சள் கரண்டியின் பிடியில், புதிதாகப் பல் முளைத்த குழந்தை கடித்த தடம்.

தம்பி கரண்டியைப் பார்த்தான். பிறகு இளஞ்சிவப்பாக நின்ற குடுவையைப் பார்த்தான்.

மருமகளுக்கென்று தன் கையால் தனியாக நிரப்பிக் கொடுத்த டப்பா அவனுக்கு அடையாளம் தெரிந்தது.