துணி கட்டிய வரிசை

அவள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள்.

டக்கென்று ஒடிந்தது. பிஞ்சு.

எட்டு வயது இருக்கும். பள்ளிச் சீருடை. அவள் அம்மா பக்கத்துக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காய் வாய்க்கருகே போய்விட்டது.

நான் தராசை விட்டு எழுவதற்குள் ஒரு கை அதைப் பிடுங்கியது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி. பின்னால் இரண்டு பேர்.

"காயில மருந்து அளவுக்கு மேல இருக்கு. மொத்தத்தையும் எடுக்கிறோம்."

என் கொழுந்தன் ஆரோக்கியம் ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"ஊரே அடிக்குது சார். எங்க கடைதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?"

மூட்டையோடு சேர்த்து அவனையும் தூக்கப் போனார்கள். எழுந்துவிட்டான்.

எங்கள் தோட்டத்தில் கடைசி வரிசைக்கு மருந்து அடிப்பதில்லை. அது வீட்டுக்கு. அடையாளமாக முதல் செடியில் பழைய சேலைத் துணி கட்டியிருக்கும். மற்றதெல்லாம் சந்தைக்கு.

போன ஆடியில், காற்றில் துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. ஆரோக்கியம் அந்த வரிசைக்கும் சேர்த்து அடித்துவிட்டான்.

எனக்குத் தெரியாது. விழுந்து கிடந்த துணியை எடுத்து அதே செடியில் கட்டினேன்.

மறுநாள் காலை என் மகள் ஜெசிந்தாவிடம், "துணி கட்டின வரிசையில பறிச்சுத் தின்னுட்டுப் போ. கணக்கு நல்லா வரும்" என்றேன். அவளுக்கு அன்று பரீட்சை.

பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு அவள் வரவில்லை.

அதற்குப் பிறகும் துணி கட்டினோம். அதற்குப் பிறகும் சந்தைக்கு ஏற்றினோம்.

மூட்டைகளை லாரியில் கொட்டி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பச்சை தெரியாமல் மூடியது.

அதிகாரி ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் காயைப் பையில் போட்டு அவருடைய அலுவலகத்துக்குக் கொண்டுபோன அன்று, அப்படித்தான் பேசியிருந்தோம்.

"எவன் போட்டுக்குடுத்தான்னு மட்டும் தெரியட்டும் மதினி" என்றான் ஆரோக்கியம்.

நான் தராசைத் துடைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அந்தச் சிறுமி அழ ஆரம்பித்திருந்தாள்.

"இன்னிக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை."

ஒடித்த நுனி இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. அதை வாங்கி லாரியில் எறிந்தேன். என் சேலைத் தலைப்பை நனைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

"கணக்கு வராட்டிப் போகுது, தாயி."