ஃபிசிக்ஸுக்குக் காவல்

"ரெண்டு பாடியும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருந்தாத்தாங்க உராய்வு வரும். தொடலைன்னா ஒண்ணுமே கிடையாது."

அபிலாஷ் இதைச் சொன்ன மாத்திரத்தில், சமையலறையிலிருந்து வெங்கடலட்சுமி தோசைக் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

மேசைக்கு ஒரு பக்கம் அவள் மகள் அக்ஷிதா. போன வருஷம் நீட் தேர்வில் கோட்டை விட்டு, இந்த வருஷம் மறுபடி எழுதப் போகிறவள். எதிர்ப்பக்கம், அவளுக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் அபிலாஷ். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு டியூஷன் எடுக்கிறவன். சுருட்டை முடி. போதாக்குறைக்குக் கன்னத்தில் குழி வேறு.

"என்ன பாடம் தம்பி இது?"

"ஃப்ரிக்ஷனுங்க்கா."

"தொடாத பாடமாப் பார்த்து எடுங்க."

"அப்போ கிராவிடேஷன் எடுக்கறேனுங்க்கா. அது தொடாமலே இழுக்குமுங்க."

அது இன்னும் மோசமாகப் பட்டது அவளுக்கு. மறுநாளிலிருந்து அவன் வரும் நேரத்துக்கு ஒரு முறம் அவரைக்காயோடு சோபாவில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர் சென்னகேசவன், "நீ காவல் இருக்கறதுல நாங்க தினமும் அவரைக்காய்ப் பொரியல் திங்கறோம்" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல உக்கார வெச்சுப்போட்டு, நான் உள்ள போய் சாம்பாரைக் கிண்டிக்கிட்டு இருக்கட்டுங்களா?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ப்ளஸ் டூவில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து, டாக்டராகும் கனவில் இருந்தவளைத்தான் ரிசல்ட் வந்த மாசமே மணவறையில் உட்கார வைத்தார்கள். மகளின் படிப்பும் அதேபோல நடுவில் நிற்கக்கூடாது. அதுவும் போயும் போயும் ஒரு கன்னக்குழியால்.

காவல் என்றால் அரைகுறைக் காவல் இல்லை. அபிலாஷ் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லையும் சல்லடை போட்டுச் சலித்தாள். 'அட்ராக்ஷன்' என்றால் எதுக்கும் எதுக்கும் என்று கேட்டாள். 'கப்பிள்' என்றதும் எழுந்தே நின்றுவிட்டாள். கார் ஸ்டீயரிங்கைப் படம் போட்டு, அதைத் திருப்பும் ரெண்டு விசைகளுக்குத்தான் அந்தப் பேர் என்று அவன் விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தாள். நமக்குப் புரியாமல் விட்டால், அந்தப் பாஷையிலேயே ரகசியம் பேசிவிட மாட்டார்களா?

ஒரு நாள் அபிலாஷ் கணக்கு ஒன்று கொடுத்தான். "அறுபது கிலோ ஆளு லிஃப்ட்ல நிக்கறாரு. லிஃப்ட் ரெண்டு மீட்டர் ஆக்ஸிலரேஷன்ல மேல போகுது. ஜி பத்துன்னு வெச்சுக்கங்க. தரை அவரை எவ்வளவு விசையில தள்ளும்?"

அக்ஷிதா நகத்தைக் கடித்தாள். விட்டத்தைப் பார்த்தாள். "அறநூறுங்களா சார்?"

"எழுநூத்தி இருபது" என்றது சோபா. "சட்டுனு அடுத்த கணக்குக்குப் போங்க தம்பி. லிஃப்டுக்குள்ள ரொம்ப நேரம் ஆளுகளை நிக்க வெக்காதீங்க."

அபிலாஷ் அக்ஷிதாவைப் பார்த்தான். அக்ஷிதா அபிலாஷைப் பார்த்தாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். வெங்கடலட்சுமி சோபாவை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் சந்தேகம் முற்றிப்போனது. கேஸ் சிலிண்டர் வந்ததென்று வாசலுக்குப் போனவள், திரும்பும்போது கதவோரம் நின்றுவிட்டாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். எனக்குப் பயமா இருக்குது."

"உங்கப்பா ஒத்துக்குவாருங்களா?"

"அம்மா சரின்னுட்டா அப்பா சரிம்பாரு. இன்னும் மூடி மறைக்க முடியாது சார், தேதி நெருங்கிருச்சு."

வெங்கடலட்சுமி உடனே கணவருக்குப் போன் போட்டாள். சென்னகேசவன் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். வந்தவர் நேராக அபிலாஷின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வெள்ளகோவிலுங்க."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"எண்ணெய்ச் செக்கு வெச்சிருக்காருங்க. இதெல்லாம் எதுக்குங்கண்ணா?"

"எதுக்கா?" வெங்கடலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எம் பொண்ணை டாக்டராக்கத்தான உங்களைக் கூட்டியாந்தோம்? ரெண்டு பேரும் என்ன முடிவு பண்ணிப்போட்டீங்க? நேராச் சொல்லிப்போடுங்க!"

அபிலாஷ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

"மன்னிச்சுக்கங்க்கா. எத்தனையோ டெஸ்ட் வெச்சுப் பார்த்துட்டேன். அக்ஷிதாவுக்கு ஃபிசிக்ஸ் ஏறலைங்க. அவங்களுக்கு இதுல இஷ்டமும் இல்லீங்க. பி.காம். சேரணுமாமுங்க. நீட்டுக்கு அப்ளிகேஷன் போடக் கடைசித் தேதி நெருங்கிருச்சு, அதான் சொல்லிரலாம்னு இருந்தோமுங்க."

வெங்கடலட்சுமிக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணமே நெஞ்சு கனத்தது. காதல் இல்லை, சரி. டாக்டரும் இல்லையா?

"ஏறலைன்னு தெரிஞ்சும் ஏந் தம்பி விடாம வந்துட்டு இருந்தீங்க?" என்றார் சென்னகேசவன்.

"சோபாவுல இருந்து சரியான விடை வந்துட்டே இருந்துச்சுங்கண்ணா" என்றான் அபிலாஷ். அக்ஷிதா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீட்டுக்கு வயசு வரம்பே இல்லையாம், அம்மா. இந்த வருஷம் நீ எழுது, காவலுக்கு நான் உக்காந்துக்கறேன்."