உப்புக்காரன் பாட்டு

தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் வரவில்லை.

அவள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். ஆழ்குழாயிலிருந்து உப்புநீர் கொட்டி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓலைக் கொட்டகையில் டீசல் இஞ்சின் வாய்மூடிக் கிடந்தது. பக்கத்தில், நேற்று மாட்டி முடித்த சோலார் தகடுகள் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன.

இத்தனை காலமும் உப்பை விளைவித்தது அந்த வெயில்தான். இன்று தண்ணீரையும் அதுவே இறைத்துக் கொடுத்தது.

உலகமெல்லாம் இந்த டீசல் புகை குறைந்தால்தான் காலம் தப்பிய மழையும் குறையும் என்று, தகடு மாட்டும் முன் நடந்த கூட்டத்தில் பேசினார்கள். போன சித்திரையில் வாரிக் குவித்த உப்பு ஒரே மழையில் கரைந்துபோனதைப் பார்த்தவர்கள், எல்லோரும் தலையாட்டினார்கள்.

சத்தமும் போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த பாத்தியில் நின்ற பேச்சிக்கனி அக்கா வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏட்டி, அந்தத் தண்ணிச் செம்பக் குடு!"

உப்பளத்தில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. அக்காவே திடுக்கிட்டுப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பலகையை ஊன்றி நின்றவளும் சிரித்தாள்.

வாய்க்கால் முனையில் நின்ற அவள் புருஷன் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. சாயங்காலம் பஸ். அம்மா வீட்டுக்கு நாலு நாள் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வருவதாக இல்லை என்பது அவளுக்கும் அந்தப் பைக்கும் மட்டும்தான் தெரியும்.

"சரி" என்றான். அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஏழு மாதம். அடிக்கிறவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை. பேசுகிறவனும் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தா" என்பான். அவளுக்கென்று ஒரு பேர் இருப்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

நேற்று மீன்குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அதுவும் உப்பளக்காரன் வீட்டில்! ஊருக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

அவன் சாப்பிட்டான். கை கழுவினான். படுத்துவிட்டான். அவள் தன் வாயில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஏசுவதற்குக்கூட நான் ஆளில்லையா என்று நினைத்து நினைத்து அழுதாள்.

இன்று பாத்தியில் நின்றும் அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பாட்டு கேட்டது.

யார் என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

அவன்தான்.

குனிந்து, மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். காலையில் தன் கையாலேயே புது சுவிட்சைப் போட்டவன். ஆனால் என்ன, சின்ன வயதிலிருந்து இஞ்சினோடு நின்ற காது. அதற்குள் இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டுபு டுபு டுபு. தலை அதற்குத் தாளம் போட்டது.

வாய்விட்டுப் பாடினான்.

*உப்புப் போட மறந்துபோனா தங்கபுஷ்பம் – இந்த*
*உப்புக்காரன் எதுக்கிருக்கேன் தங்கபுஷ்பம்*
*சட்டியோட தின்னுருப்பேன் தங்கபுஷ்பம் – அதச்*
*சொல்ல மட்டும் வாய்வரல தங்கபுஷ்பம்*

தங்கபுஷ்பம் அசையாமல் நின்றாள்.

அது அவள் பேர்.

"இத்தன வருசமும் இஞ்சின் சத்தத்து மறைவுல பாடிட்டுத்தான் இருந்திருக்கானா?" பேச்சிக்கனி அக்கா அவள் காதருகில் கிசுகிசுத்தாள். அக்காவுக்குக் கிசுகிசுக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசிப் பாத்தியில் நின்ற ஒருத்தி அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். தங்கபுஷ்பம் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தாயே, வேண்டாம், கெடுத்துவிடாதே என்று கும்பிட்டாள்.

பலகைகள் நின்றன. வளையல்களைக்கூடப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

*நாலு நாளு ஊருக்குன்னா தங்கபுஷ்பம் – இங்க*
*நானு எங்க போவேன் சொல்லு தங்கபுஷ்பம்*

கண்ணீர் கன்னத்தில் வழிந்து உதட்டுக்கு வந்தது. கரித்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. அளத்தின் நடுவில் நின்று கூத்தாடலாம் போலிருந்தது. ஆனால் சத்தம் கேட்டுவிடுமே.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனாள். வேண்டுமென்றே எதிரே போய் நின்றாள். அவள் நிழல் வாய்க்காலில் விழுந்ததும் பாட்டு நின்றது.

"இந்தா, அங்கன வச்சிரு" என்றான். பிறகு மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எத்தன மணிக்கு பஸ்சு?"

"இன்னைக்கு பஸ்சு வராதாம்."

"சரி" என்றான்.

கஞ்சித் தூக்கின் மூடியைத் திறக்க அவனுக்கு மூன்று தரம் கை வழுக்கியது.

அவள் இருபதடி நடந்திருக்க மாட்டாள். பின்னால் அதே டுபு டுபு தாளத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து அந்த பஸ், ஊருக்கே கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. வாசலில் உட்கார்ந்திருந்தவன் காதில் விழாதவன்போல் காலில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். உதட்டோரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவள் ஜாடியில் கைவிட்டுக் கல்லுப்பை அள்ளினாள்.

கை சட்டிக்கு மேலே நின்றது.

வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

உப்பைத் திரும்ப ஜாடியிலேயே போட்டு மூடினாள்.