நீலக் கோட்டு

மதுராந்தகத்தில் உப்பிலியின் வீட்டு டி.வி.யில் 2003 உலகக் கோப்பை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டி எடுக்க வந்திருந்த பத்திரிகைக்காரன் ஷ்ரவணிடம், ஒரு மணி நேரமாக அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பௌலிங்னா தோள் திரும்பணும். இவனுக்குத் திரும்பல, பாருங்கோ."

"மொத்தமே ரெண்டு டெஸ்ட். அதுலயே ஆறு விக்கெட். அப்புறம் ஏன் சார் ஆடல?"

"கல்யாணம், குடும்பம். வேறென்ன?"

அவர் மனைவி காமு காபி கொண்டுவந்தாள். ஷ்ரவண் எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இந்தியா டீம்ல குடுத்த கோட்டு இருக்கா சார்? அதப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்தா அட்டைல வரும்."

"பரண்ல, டிரங்குப் பெட்டில இருக்கும். காமு, எடுத்துண்டு வா."

காமு நகரவில்லை.

"அது போயிடுத்து."

"எங்க போச்சு?"

"நான் கல்யாணமாகி இங்க வந்த வருஷமே. பொம்மனாட்டிக்குக் கோட்டு எதுக்கு, பந்து போட்டதெல்லாம் போறும்னு உங்கம்மா அதப் பாத்திரக்காரன்கிட்ட பழைய துணியோட போட்டுட்டா."

ஷ்ரவண் அவளைப் படமெடுக்கக் கொண்டுவந்திருந்த கேமராவை மெல்லப் பைக்குள் வைத்தான்.

உப்பிலி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அதுக்கு என்ன குடுத்தான்?"

"ரெண்டு டம்ளர். ஒண்ணு இந்தத் தம்பி கையில இருக்கு. இன்னொண்ணுலதான் இருபத்தஞ்சு வருஷமா நீங்க காபி குடிக்கறேள்."